அலெக்ஸிலிருந்து சாண்ட்டன் வரை: ஜோஹானஸ்பர்க் சைக்கிள் தடங்களுக்கு என்ன ஆயிற்று?

2016 ஆகஸ்டில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஜோஹானஸ்பர்க் நகரம் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் கையை விட்டுப் போனது. ஜனநாயகக் கூட்டணியின் ஹெர்மன் மஷாபா மேயரானார். வந்த வேகத்தில் அவர் கை வைத்தவற்றுள், முந்தைய நிர்வாகம் சாலைகளில் போட்டிருந்த சைக்கிள் தடங்களும் ஒன்று. நகரத்தில் எல்லாச் சாலைக்கும் தார் போட்டு முடிக்கட்டும், அப்புறம் வேண்டுமானால் சைக்கிள் தடத்தைப் பார்ப்போம் என்பது அவர் பேச்சின் சாரம். நல்ல வரவேற்பு. மண் சாலையில் வீடு வைத்திருப்பவருக்கும் அது நியாயமாகப் பட்டது, தடத்தால் தன் கார் ஓடும் சாலை குறுகிவிட்டது என்று பொருமிக்கொண்டிருந்தவருக்கும் நியாயமாகப் பட்டது.

அந்தத் தடங்கள் வீண் என்பது இன்றைக்கு இங்கே பொதுவான முடிவு. நகரத்தின் வணிக வட்டாரமான சாண்ட்டனில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் கேட்டாலும் அதையே சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. தடம் போட்டவர்கள் சில இடங்களில் கோட்டை விட்டார்கள், உண்மைதான். ஆனால் அதை வீண் என்று சொன்னவர்கள், யார் எந்த நேரத்தில் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கவே இல்லை.

முதலில் ஊரின் அமைப்பு. ஆப்பிரிக்காவிலேயே பணம் செறிந்த வட்டாரம் என்று சாண்ட்டனைச் சொல்வார்கள். வங்கித் தலைமையகங்கள், பங்குச் சந்தை, கௌட்ரெயின் விரைவு ரயில் நிலையம் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து கிழக்கே சுமார் 5 கிலோமீட்டரில் அலெக்சாண்ட்ரா. எல்லாரும் சுருக்கி அலெக்ஸ் என்பார்கள். 1912-ல் உருவான குடியிருப்பு அது. கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்க முடிந்த மிகச் சில இடங்களில் ஒன்று. இன்று தகரக் கொட்டகைகளும் ஒற்றை அறை வீடுகளும் இடைவெளியில்லாமல் நெருக்கியடிக்கின்றன. சாண்ட்டன் கட்டடங்களைத் துடைப்பவர்கள், தோட்டம் பார்ப்பவர்கள், வாசலில் காவல் நிற்பவர்கள், உணவகங்களில் பாத்திரம் கழுவுபவர்கள் என்று பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எம் 1 நெடுஞ்சாலை குறுக்கே கிடக்கிறது.

நாளுக்குச் சுமார் 10,000 பேர் அலெக்ஸிலிருந்து சாண்ட்டனுக்கு நடந்தே போய் வருகிறார்கள் என்பது திட்டம் தீட்டியபோது நகர நிர்வாகம் சொன்ன கணக்கு. அலெக்ஸ்காரர்களுக்கு நடை புதிதல்ல. 1957-ல் பேருந்துக் கட்டணம் ஒரு பென்னி ஏறியபோது மாதக்கணக்கில் பேருந்தைப் புறக்கணித்து, நகர மையம் வரை சுமார் 15 கிலோமீட்டர் நடந்தே வேலைக்குப் போய் வந்தவர்கள் அவர்கள். அப்போது அது எதிர்ப்பு. இப்போது நடப்பது கையில் காசு இல்லாததால். பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ் டாக்சியில் போக வரக் கொடுக்கும் பணம், குறைந்தபட்சக் கூலியில் ஏறக்குறைய ஒரு மணி நேர உழைப்பைத் தின்றுவிடும். 2025 மார்ச்சில் அந்தக் கூலி மணிக்கு 28.79 ராண்ட்.

ஐந்து கிலோமீட்டர், இத்தனை ஆள், இவ்வளவு தேவை. சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான வழித்தடம் இந்த நகரத்தில் கிடைக்காது. மேயர் பார்க்ஸ் டாவ் காலத்தில் (2011–2016) திட்டக்காரர்கள் இதைச் சரியாகவே பிடித்தார்கள். கறுப்பின மக்களின் பெருங்குடியிருப்பான சொவேட்டோவில் ஓர்லாண்டோ பகுதி, விட்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஜோஹானஸ்பர்க் பல்கலைக்கழகத்தையும் இணைக்கும் பிராம்ஃபொன்டேன் பகுதி, அலெக்ஸ்–சாண்ட்டன் என்று தடங்கள் வந்தன. பிராம்ஃபொன்டேன் தடத்தின் பக்கம் போனால் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பாருங்கள். தில்லையாடி வள்ளியம்மைக்கும் நாகப்பனுக்கும் 1914-ல் காந்தி கலந்துகொண்ட விழாவில் திறந்த நினைவுக்கற்கள் அங்கேதான் இருக்கின்றன.

2015 அக்டோபர் முழுவதும் சாண்ட்டனில் ஒரு திருவிழா. தென்கொரியாவின் சுவோன் நகரில் 2013-ல் நடந்த சுற்றுச்சூழல் போக்குவரத்து விழாவின் இரண்டாம் பதிப்பு இது. வணிக மையத்தின் சில தெருக்களில் ஒரு மாதம் தனியார் கார்களை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் விட்டார்கள். கார்க்காரர்களின் புலம்பல் காதில் விழாத நாளில்லை. ஆனாலும் ஊர் பழகத் தொடங்கியிருந்தது.

அந்த மாதத்தின் நடுவில்தான் விபத்து. எம் 1-க்கு மேலே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று தனிப்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அலெக்ஸ் மக்கள் அதுவரை கிரேஸ்டன் சாலையின் வாகனப் பாலம் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவிலும் இறங்கும் வளைவிலும் கார்கள் வேகம் பிடிக்கும். அந்த இரண்டையும் தாண்டித்தான் நடக்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் புதுப்பாலம். 2015 அக்டோபர் 14 அன்று அதற்குக் கட்டியிருந்த தற்காலிகச் சாரம் நெடுஞ்சாலை மேலேயே சரிந்தது. கீழே போய்க்கொண்டிருந்த வண்டிகள் சிக்கின. 2 பேர் இறந்தார்கள், 19 பேருக்குக் காயம். பாலத்தைப் பின்னால் கட்டி முடித்தார்கள். கம்பி வடங்களில் தொங்கும் அழகான பாலம்தான். ஆனால் ஒரு திட்டத்தின் மேல் ஊருக்கு நம்பிக்கை வர வேண்டிய மாதத்திலேயே அது துக்கச் செய்தியாகிவிட்டது. அடுத்த ஆகஸ்டில் தேர்தல்.

இனி, போட்ட தடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். சாண்ட்டனின் கேத்தரின் தெருவில் சாலையோரத்தில் தாழ்வான சிமெண்டுக் கரை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கார் உள்ளே வராது, நல்லதுதான். சிக்கல் என்னவென்றால் சாலை பெருக்கும் வண்டியும் வராது. மழை அடித்துக்கொண்டு வரும் மணல், பீர் பாட்டில் சில்லு, கார் மோதிச் சிதறிய விளக்குக் கண்ணாடி, ஜாக்கரண்டா பூச்சருகு எல்லாம் அந்தக் கரைக்கும் நடைபாதைக்கும் நடுவில் வந்து தங்கும். யாராவது துடைப்பத்தோடு வந்து கையால் கூட்டினால்தான் உண்டு. மலிவான ட்யூப் போட்ட சைக்கிளுக்கு ஒரு சில்லு போதும். பஞ்சரானால் வேலைக்குத் தாமதம், தாமதமானால் அன்றைய கூலியில் பிடித்தம். அதனால் பழகியவர்கள் தடத்தை விட்டு வெளியே, கார்களோடு ஓட்டுகிறார்கள். கார்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, "தடம் போட்டுக் கொடுத்தும் ரோட்டில் ஓட்டுறான் பார்" என்கிறார்.

சந்திப்புகளில் தடம் அப்படியே கரைந்து போகும். நேரான சாலையில் பாதுகாப்பு இருக்கிறது. இடப்பக்கம் திரும்பும் கார் குறுக்கே வருகிற இடத்தில், அதாவது ஆபத்து இருக்கிற இடத்தில், ஒரு வெள்ளைக்கோடு மட்டும். டாக்சிகள் நிற்கிற இடங்களில் அந்தக் கோடும் கண்ணில் படாது. டாக்சி ஓட்டுநரைத் திட்டி என்ன பயன்? ஆள் கை காட்டும் இடத்தில் அவர் நிறுத்துகிறார், அவருக்கென்று நிறுத்தமும் யாரும் கட்டித் தரவில்லை. நகரத்தின் பொதுப் போக்குவரத்தில் பெரும்பகுதியைத் தூக்கிச் சுமக்கிற வண்டிக்கு இடம் ஒதுக்காமல் சைக்கிளுக்கு ஒதுக்கினால் இரண்டும் மோதத்தான் செய்யும். இது திட்டத்தின் பிழை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் "தடம் எப்போதும் காலியாகக் கிடக்கிறது" என்ற குற்றச்சாட்டை ஏற்க மாட்டேன். அதைச் சொல்பவர்கள் காலை எட்டரைக்குக் காரில் வருகிறவர்கள். காவலாளிகளுக்கு முறை மாறுவது காலை ஆறு, மாலை ஆறு. பன்னிரண்டு மணி நேர வேலை. துப்புரவுப் பணியாளர்கள் அலுவலகம் திறக்குமுன் வந்து முடிக்க வேண்டும். ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் கேத்தரின் தெருவில் நின்று பார்த்தால் சைக்கிள்கள் போவது தெரியும். கூட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் காலியும் இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் புரியும்: இருட்டு. ஜூன் மாதத்தில் இங்கே விடிய ஏழு மணிக்குப் பக்கத்தில் ஆகும். மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். குளிர்கால முறைக்காரர் போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். செம்புக் கம்பித் திருட்டால் தெருவிளக்குகள் வரிசையாகச் செத்துக் கிடக்கும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023-ல் ரோபோக்களும் அணைந்துவிடும். போக்குவரத்து விளக்குக்கு இங்கே அதுதான் பெயர். இருட்டுச் சந்திப்பில் நான்கு பக்கத்துக் கார்களும் "நான் முந்தி, நீ முந்தி" என்று நகரும்போது விளக்கில்லாத ஒரு சைக்கிளை யார் கவனிப்பார்கள்? வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போகும் வழிப்பறி வேறு. அலெக்ஸ் பக்கத்து ஆள் ஒருவரிடம் நகராட்சி என்ன செய்து தரணும் என்று கேட்டால் தனித்தடம் என்று சொல்வாரா, எரிகிற விளக்குக் கம்பம் என்று சொல்வாரா? விளக்கு என்பார் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் கட்டடத்துக் காவலர் ஒருவருடைய சைக்கிளைச் சொல்கிறேன். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் மலிவு மலைச்சைக்கிள், அவர் உயரத்துக்கு இரண்டு அளவு சின்னது. சீட்டுக் கம்பியை அதிகபட்சக் கோட்டையும் தாண்டி இழுத்து வைத்திருக்கிறார். முன் சஸ்பென்ஷன் இறுகிப்போய்ச் சும்மா எடைக்குத் தொங்குகிறது. பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பே ரிம்மைத் தொடுகிறது. மட்கார்டு இல்லை, அதனால் மழை நாளில் முதுகு நெடுக ஒரு சேற்றுக்கோடு. கேரியர் இல்லாததால் சாப்பாட்டுப் பை ஹேண்டிலில் ஆடும். நம்மூர்க் கறுப்பு அட்லஸ் சைக்கிளில் கேரியர், டைனமோ, செயின் கவர், ஸ்டாண்டு, பூட்டு எல்லாம் கூடவே வந்தன. வேலைக்குப் போகிறவனுக்கென்றே செய்த வண்டி அது. இங்கே கடைகளில் இரண்டு வகைதான்: பந்தயத்துக்கும் காட்டுப்பாதைக்கும் என்று பெரிய விலைக்கு விற்கும் வண்டி, பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தரும் வண்டி. நடுவில் இருக்க வேண்டிய உழைப்பாளி வண்டியைக் காணோம். 2005 முதல் இயங்கும் கூபெக்கா என்ற தொண்டு அமைப்பு 'பஃபலோ' என்று இரும்பில் செய்த கனமான வண்டிகளைத் தருகிறது. பின்னால் 100 கிலோ ஏற்றலாம். அதில் பெரும்பாலும் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போகிறது. அரசும் 2001-ல் 'ஷோவா கலுலா' என்று சைக்கிள் திட்டம் தொடங்கியது, அதுவும் முக்கியமாகக் கிராமப்புற மாணவர்களை நோக்கியது.

வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் தெரியாத ஊர் இல்லை இது. ஞாயிறு காலையில் வடக்குப் புறநகர்ச் சாலைகளைப் பார்த்தால் இறுக்கமான உடுப்பில் கூட்டம் கூட்டமாகப் பறப்பார்கள். ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் பெரிய சாலைப் பந்தயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுவார்கள். தடங்கள் போட்ட அதே 2015-ல் கூபெக்காவின் பெயரைத் தாங்கிய தென்னாப்பிரிக்க அணி டூர் டி பிரான்ஸில் இறங்கியது, ஆப்பிரிக்காவில் பதிவான அணிகளில் முதலாவதாக. மண்டேலா பிறந்த நாளான ஜூலை 18 அன்று ஒரு கட்டத்தை வென்றும் காட்டியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர் திங்கட்கிழமை அதே சைக்கிளைக் காருக்குப் பின்னால் மாட்டிப் பூட்டிவிட்டு வேலைக்குக் காரில் வருகிறார். தினமும் ஓட்டுகிற காவலருக்காக அவர் குரல் கொடுத்ததில்லை, தடத்தைக் காப்பாற்ற எந்தக் கூட்டமும் சேரவில்லை. மஷாபாவுக்கு அது எவ்வளவு சுலபமான இலக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மவர்களும் இதில் வெளியாட்கள் இல்லை. கோவையிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி ரிவோனியாவில் வீடு எடுத்தான். "அண்ணே, ஆபீஸ் அஞ்சாறு கிலோமீட்டர்தான். சைக்கிள் வாங்கிடவா?" என்று கேட்டான். அறையிலிருந்த நாலு பேரும் ஒரே குரலில் "உனக்கென்ன பைத்தியமா?" என்றார்கள். ஒருவர் வழிப்பறியைச் சொன்னார், ஒருவர் டாக்சியைச் சொன்னார், இன்னொருவர் சொன்னதுதான் உண்மைக் காரணம் என்று எனக்குத் தோன்றியது: "கேட்ல செக்யூரிட்டியே உள்ள விட மாட்டான்டா, டெலிவரி பையன்னு நெனச்சுக்குவான்." அவன் கார் வாங்கிவிட்டான். இரண்டாம் கை போலோ.

தூரம் எப்படி வந்தது என்பதை லெனேசியா தாத்தா ஒருவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. மெல்ரோஸ் முருகன் கோவிலில் பழக்கம். தமிழ் கொஞ்சமும் ஆங்கிலம் மிச்சமுமாகப் பேசுவார். பிள்ளைப் பருவம் ஃபீட்டாஸில், அதாவது நகர மையத்தை ஒட்டிய பேஜ்வியூவில். "அப்பா பைசிகிள்லதான் மார்க்கெட்டுக்குப் போவாரு தம்பி. காலைல போய்ட்டு, டிபனுக்கு வீட்டுக்கு வந்துடுவாரு." 1950-ன் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அந்தத் தெருக்களை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது, 1970-களில் இந்தியர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். அனுப்பிய இடம் லெனேசியா, முப்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. அப்பாவின் சைக்கிளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "வச்சு என்ன பண்றது? ரயில்தான், அப்புறம் கார்தான்."

அதே தெற்குப் பக்கத்தில் லாலிக்கு அருகேதான் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை இருந்தது. 1910-லிருந்து அங்கே தங்கிய சத்தியாகிரகக் குடும்பங்களில் தமிழர்கள் நிறையப் பேர். நகரம் 21 மைல். சொந்த வேலையாகப் போனால் நடந்துதான் போக வேண்டும் என்பது பண்ணை விதி. கொள்கைக்காக எப்போதாவது நடக்கிற அந்தத் தூரத்தை, பிற்பாடு வந்த அரசு ஒரு சமூகத்துக்கே தினசரித் தூரமாக ஆக்கிவிட்டது. சொவேட்டோவுக்கும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். லெனேசியாவிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வா என்று எவரையும் சொல்ல முடியாது. அங்கெல்லாம் ரயில் நிலையம் வரைக்குமான இரண்டு மூன்று கிலோமீட்டருக்குத்தான் சைக்கிள் உதவும், அதற்கும் நிலையத்தில் பூட்டிவைக்க இடம் வேண்டும், ரயிலும் ஓட வேண்டும்.

அதனால்தான் அலெக்ஸ்–சாண்ட்டன் தடத்தைக் கைவிட்டதை நான் பெரிய இழப்பு என்கிறேன். பிரித்து வைத்த நகரத்தில் ஏழையின் வீடும் வேலையும் சைக்கிள் எட்டும் தூரத்தில் இருப்பது அபூர்வம். அந்த ஐந்து கிலோமீட்டரை மட்டும் எடுத்து, கூட்டிப் பெருக்கி, விளக்குப் போட்டு, சந்திப்புகளைச் சரிசெய்து, டாக்சிக்குத் தனி நிறுத்தம் கொடுத்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக நகரம் முழுக்கத் துண்டு துண்டாகப் போட்டார்கள். பிறகு வந்தவர்கள் துண்டுகளைக் காட்டி முழுசையும் நிறுத்தினார்கள். கேப் டவுனில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே தடங்களின் நீளம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். இருந்தும் அன்றாடப் பயணங்களில் சைக்கிளின் பங்கு சதவீதம் ஒன்றைச் சுற்றியே நின்றது. தடத்தின் நீளத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துதான் போவோம்.

மண் சாலைக்குத் தார் முதலில் என்ற வாதத்தையும் விட்டுவிடக் கூடாது. அது பொய் வாதமல்ல. ஆனால் தடத்துக்கு ஒதுக்கியது நகரத்தின் சாலைச் செலவில் ஓரமாக இருந்த ஒரு தொகை. மண் சாலை உள்ள குடியிருப்பில் வாழ்கிறவரும் சைக்கிள் ஓட்டுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அந்த ஒரே ஆளை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்தியதுதான் அரசியல்.

தடத்துக்கு மறுமுனையில், கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்த ஒரு கம்பிச்சட்டம் இருக்கிறது, பசுமைக் கட்டடச் சான்றிதழுக்குப் புள்ளி கிடைக்கும் என்று வைத்தது. அங்கே போக அட்டை வேண்டும். அட்டைக்கு விண்ணப்பம் உண்டு, அதில் வாகனப் பதிவு எண் கட்டாயம். முன்பு சொன்ன காவலர் அந்தக் கட்டத்தில் 'சைக்கிள்' என்று எழுதிக் கொடுத்தார். விவரம் முழுமையில்லை என்று திரும்பி வந்தது. அவர் ஒப்பந்த நிறுவனத்து ஆள், அதனால் நிர்வாகத்திடம் நேரடியாகப் பேசவும் முடியாது. தளங்களில் உள்ள நாங்கள் சிலர் எழுதிக் கேட்டோம். படிவத்தை மாற்ற மாட்டார்களாம். கட்டடப் பராமரிப்பாளர்தான் ஒரு வழி செய்தார். 2024-க்குப் பிறகு மின்வெட்டு பெரும்பாலும் ஓய்ந்து ஜெனரேட்டர் சும்மா நிற்பதால், அது இருக்கும் அறையின் சாவியைக் காலை ஆறு மணி முறைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். இப்போது அங்கே நான்கு சைக்கிள்கள் நிற்கின்றன. கீழ்த்தளத்துக் கம்பிச்சட்டத்தில் ஒன்றும் இல்லை.